அணைக்கரையில் கெண்டை பிடிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், வெருலம் பக்கத்து ஹேஸல்மியர் அணையிலோ ஷொங்வேனியிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையோரம் ஒரு நடை நடந்தாலே போதும், எல்லாம் கண்ணில் படும். புதுக் கோல், புது ரீல், இறைச்சி சுடும் பிராய் அடுப்பு, பிள்ளைகள். தவறுகள் மட்டும் பழையவை. இரை கழன்றுபோவதும் தூண்டில் நரம்பு கிளையில் சிக்குவதும் நாலு தடவை வந்தால் தானாகத் திருந்திவிடும். வருஷக்கணக்கில் வந்தும் திருந்தாதவை சில இருக்கின்றன.

டிராக்கை முழுக்க இறுக்கிவிட்டுக் கோலை ஸ்டாண்டில் வைப்பது

இதைப் பார்க்கும்போதுதான் மனசு ஆறுவதில்லை. ஒருவர் இரையை வீசுகிறார், கோலை ஸ்டாண்டில் சாய்க்கிறார், ரீலின் முன்குமிழை, அதாவது நரம்பு வெளியே ஓடாமல் பிடிக்கும் டிராக்கை, நகராத அளவுக்கு முறுக்குகிறார். "டைட்டா இருந்தாத்தான் முள்ளு தானா குத்தும்" என்று பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு இறைச்சியைத் திருப்பிப் போட அடுப்புக்குப் போகிறார். கோல் ஒரு முறை தலையாட்டும். அடுத்த நொடி ரீலோடு ஸ்டாண்டிலிருந்து எழும்பி, தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போகும். "அப்பா, கோல் போகுது!" என்று பையன் கத்தும்போது கைப்பிடியின் தக்கை மட்டும் தெரியும், அதுவும் சற்று நேரம்தான்.

பணம் போனது ஒரு பக்கம். அந்தக் கெண்டை கோலை இழுத்துக்கொண்டு நாணலுக்குள் போய் நரம்பு சுற்றிக்கொள்ளும். அங்கேயே கிடந்து சாகும். ஒரு குமிழைத் தளர்த்தியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

முள்ளைக் குத்தவைப்பது டிராக் அல்ல, ஈயம். 60 கிராமுக்கு மேல் எடையுள்ள ஈயம் முள்ளுக்குப் பக்கத்தில் இருந்தால், மீன் இரையை வாயில் வைத்துத் தலையைத் திருப்பும்போது அந்தக் கனமே முனையை உதட்டில் ஏற்றிவிடும். மிரண்டு ஓடும் மீனுக்கு நரம்பைக் கொடுப்பது மட்டுமே டிராக்கின் வேலை. அந்த ஈயம், மேல்நரம்பு அறுந்தால் கழன்று விழும்படி கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மீன் அதைச் சாகும்வரை இழுத்துத் திரியும்.

சரியாக வைக்க இப்படிச் செய்யுங்கள். 0.30 மில்லிமீட்டர் நரம்பின் டப்பாவில் 6, 7 கிலோ என்று போட்டிருக்கும். முடிச்சு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், பழசானால் இன்னும் குறையும். ஒன்றரை லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கோலின் வளையங்களில் கோக்காமல், ரீலிலிருந்து நேராகத் தொங்கும் நரம்பில் அதைக் கட்டி, ரீலை மெல்லத் தூக்குங்கள். ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) வழுக்காமல் பாட்டில் தரையை விட்டு எழும்பும் இடம்வரை குமிழை இறுக்கி, அங்கே நிறுத்துங்கள். குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். கோல் வளைந்து நரம்பு வளையங்களில் உரசும்போது பிடி தானாகக் கூடும். அந்த இடத்தில் குமிழிலும் ரீலிலும் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். அது மீனோடு போராடும் அளவு.

ஸ்டாண்டில் இருக்கும்போது அதைவிடத் தளர்வாக, இரண்டு விரலால் இழுத்தால் நரம்பு வரும் அளவுக்கு இருக்க வேண்டும். பெய்ட்ரன்னர் ரீல் (மீன் இழுத்தால் நரம்பைத் தளர்வாக விடும் விசை உள்ளது) என்றால் பின்னாலுள்ள விசையைப் போட்டுவிட்டு முன்குமிழைத் தொடாதீர்கள். மீன் ஓடும்போது கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் விசை விழுந்து முன்டிராக் பிடித்துக்கொள்ளும். விசை இல்லாத ரீலில், போராடும் புள்ளியிலிருந்து எத்தனை சுற்றுத் தளர்த்தினீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கோலைக் கையில் எடுத்ததும் அத்தனை சுற்று இறுக்கினால் போதும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மீன் ஓட ஓட ஸ்பூலில் நரம்பு குறைகிறது. சுருளின் விட்டம் பாதியானால் அதே டிராக் இரண்டு மடங்கு பிடிக்கும். பெரிய மீன் தூரமாக ஓடும்போது பதறிப்போய் இன்னும் இறுக்குகிறார்கள். நரம்பு அறுவது பெரும்பாலும் அங்கேதான். அந்த நேரத்தில் கொஞ்சம் தளர்த்துவதே சரி.

ஸ்பூல் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பதும் இதே குடும்பத்துத் தவறு. 5:1 ரீலில் ஒரு சுற்றுக்கு நரம்பில் ஐந்து முறுக்கு ஏறும். இருபது சுற்றில் நூறு. அடுத்த வீச்சில் குருவிக்கூடு போல ஒரு சிக்கல் வந்து விழும், ரீலைக் குறை சொல்வார்கள். மீன் ஓடும்போது கையை எடுங்கள். நின்றதும் கோலை மேலே உயர்த்துங்கள், தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

வீட்டுக்குப் போனதும் குமிழை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இறுக்கி வைத்த ரீலில் உள்ளேயிருக்கும் ஃபெல்ட் வட்டுகள் ஒட்டிப்போகும். அடுத்த முறை முதல் வழுக்கலுக்கே அதிக இழுப்பு வேண்டியிருக்கும், அந்த முதல் நொடியில்தான் மீன் அறுத்துக்கொண்டு போகும்.

மீலி மாவில் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவது

மீனை இழுக்கப் போடும் இந்த மக்காச்சோள மாவு களியாகிவிட்டால் உருண்டை அடியில் கல் போலக் கிடக்கும், மணம் பரவாது. காய்ந்திருந்தால் வீசும்போதே காற்றில் சிதறும். கை நனைத்துத் தெளிப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்து, பத்து நிமிஷம் மூடி வைத்து, மாவு ஈரத்தை இழுத்த பிறகு கட்டிகளை உதிர்த்துப் பாருங்கள். பிடித்த உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டால் ஐந்து நிமிஷத்துக்குள் ஓரம் உதிரத் தொடங்க வேண்டும். வீசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

வேகாத மக்காச்சோளத்தை இரையாகத் தூவக் கூடாது. ஒரு நாள் ஊறவைத்து, மணி வெடிக்கும்வரை வேகவையுங்கள். உலர்ந்த மணி மீனின் வயிற்றுக்குள் போய் ஊதும்.

வந்தவுடன் இருபது உருண்டை போடுவது

சின்ன அணை. நாலு போதும், பிறகு வீச்சுக்கு ஒன்று. குளிர்காலத்தில் அதிலும் பாதி.

கடல் உரிமம் இருக்கிறதே என்று நினைப்பது

குவாசுலு-நட்டாலில் நன்னீருக்குத் தனி உரிமம்.

மதியத்து இடியில் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது

கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடி கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போங்கள்.

மீனைக் கரையில் இழுத்துப் போடுவது

செம்மண்ணிலும் சரளையிலும் புரண்டால் மீனின் மேல் வழவழப்பு உரிந்துவிடும், விட்ட பிறகு புண் வைக்கும். நனைத்த சாக்கு ஒன்று போதும். கையையும் நனைத்துக்கொள்ளுங்கள். கெண்டையை உயிரோடு வாளியில் எடுத்துப்போய் வேறு குளத்தில் விடாதீர்கள். இந்நாட்டில் அது அந்நிய ஊடுருவல் இனப் பட்டியலில் உள்ள மீன், அனுமதியின்றி இடம் மாற்றுவது குற்றம்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி மீனை எடுப்பது

நாணலும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்த ஓரங்களில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் நத்தைகள் இருக்கும். கிருமிகள் நத்தையிலிருந்து அதிகமாக வெளிவருவது வெயில் ஏறிய பகலில்தான், அதாவது எல்லோரும் கரையில் இருக்கும் நேரத்தில். அவை தோலுக்குள் நுழையச் சில நிமிஷம் போதும், அரிப்பு வந்தாலும் வராவிட்டாலும். நீளக் கைப்பிடி வலை ஒன்று வாங்கிவிட்டால் இறங்கவே வேண்டாம். பிள்ளைகளையும் இறங்கவிடாதீர்கள். தவறி இறங்கினால் துண்டால் உடனே அழுத்தித் துடையுங்கள். பின்னால் சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், எந்த அணையில் இறங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.