‘இது சரியில்லை’ என்று உங்களிடம் யார் சொல்வார்கள்?

ஒரு கிறிஸ்தவ சபையின் தலைமை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, கமிட்டி கூட்டம் முடிந்ததும் வெளியே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டபோது தலையாட்டிய அதே ஆட்கள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்று "இது எங்க போய் முடியப்போகுதோ" என்று பேசிக்கொண்டிருந்தால் அங்கே தலைமை சுகமாக இல்லை. அலுவலகத்துக்கும் இதே கதைதான், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பதில் டீக்கடை.

போதகரோ, சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த அமைப்பின்) செயலாளரோ, கம்பெனியில் நாலு பேருக்கு மேலாளரோ, யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்களை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பைபிளில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் ஜனங்களின் தலைவர் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். ஜனங்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். அதைப் பார்த்து "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ, மீதியான் தேசத்து ஆசாரியர், வெளி ஆள். தேவனோடு பேசின மோசே அந்த வெளி ஆள் சொன்னதைக் கேட்டு, அப்படியே செய்தார். எனக்கு அந்த அதிகாரத்திலேயே பெரிய விஷயம் இதுதான். உங்கள் எத்திரோ உங்களிடம் சம்பளம் வாங்காதவராக, உங்கள் சிபாரிசு தேவைப்படாதவராக இருக்கட்டும்.

கீழே வேலை செய்பவர்களிடம் "என்னிடம் குறை இருந்தால் சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "போன மாதம் நான் எடுத்த முடிவில் எது உங்கள் வேலையைக் கஷ்டமாக்கியது?" பதில் வரும்போது விளக்கம் கொடுக்கக் கூடாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரமே அதில் ஒன்றையாவது மாற்றுங்கள், அப்போதுதான் அடுத்த ஆளுக்குத் தைரியம் வரும். கூட்டங்களில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். போதகர் ஐயா முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் அத்தோடு கதவு சாத்தியாயிற்று. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஐக்கியச் செயலாளரிடமிருந்தும் வாலிபர்களிடமிருந்தும் ஆரம்பியுங்கள்.

அப்புறம், வேலையைப் பங்கிடும்போது அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ல், எருசலேமின் முதல் சபையில், கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் பங்கு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. அப்போஸ்தலர்கள் தாங்களே ஆளைத் தெரிந்தெடுக்கவில்லை, சபையைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர் என்று போகும் அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது போலத்தான் தெரிகிறது. நம் சபைகளில் குறை சொன்னவரை அடுத்த தேர்தலில் ஓரங்கட்டுவதுதானே வழக்கம்?

பண விஷயத்தில் நம்பிக்கையை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான (அங்கிருந்த விசுவாசிகளுக்கான) தர்மப் பணத்தைக் கொண்டுபோக, அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் சேர்த்தே அனுப்பினார், யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று (2 கொரிந்தியர் 8). அதனால் ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை ஒரே ஆள் வீட்டுக்கு எடுத்துப்போக விடாதீர்கள். உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் அங்கேயே எண்ணி, ஐநூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிட வேண்டும். மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நேர்மையான பொருளாளருக்கு இதுதான் பாதுகாப்பு.

கேள்வி கேட்டால் உடனே "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று ஒரு வசனம் வரும். தன்னைத் துரத்தி வந்த சவுல் ராஜா ஒரு கெபிக்குள் (குகைக்குள்) கையில் சிக்கியபோதும் தாவீது அவரைக் கொல்ல மறுத்தார், அது உண்மை, ஆனால் அதே கெபிக்கு வெளியே நின்று "நீர் யாரைப் பின்தொடருகிறீர்" என்று சவுலின் முகத்துக்கு நேரே கேட்கவும் செய்தார். அதே தாவீது ராஜாவானபோது அவர் செய்த பாவத்தைச் சுட்டிக்காட்டி "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார், அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார். அந்த வசனத்தைக் கேடயமாகத் தூக்கும் தலைவரை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மத்தேயு 18-ல் "தனித்துப் போய்ப் பேசு" என்று இருப்பதைக் காட்டி, பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்ணைத் தொல்லை கொடுத்தவரிடமே தனியாக அனுப்பி சமரசம் பேசுவது கொடுமை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். ஊழியர் வைத்திருக்கும் கிறிஸ்தவ நிறுவனங்களும் இதைச் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் சபைக்குள் விசாரணை என்ற பேச்சே வேண்டாம், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

வேலையிடத்தில் நீங்கள் விசுவாசி என்பதை ஊழியர்கள் மேஜைமேல் இருக்கும் வசன நாட்காட்டியை வைத்துக் கணிப்பதில்லை, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்பதை வைத்துத்தான். கூலியை அன்றைக்கே, சூரியன் அஸ்தமிக்குமுன் கொடு என்கிறது உபாகமம் 24. மற்ற மதத்து ஊழியர்களைக் காலை ஜெபத்துக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள், மேலாளர் "விருப்பம் இருந்தா வாங்க" என்று சொன்னாலும் அது கட்டளையாகத்தான் காதில் விழும். யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியா 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்காமல் இருந்தார், ஜனங்கள் பட்ட பாடு கடினமாக இருந்ததால். செலவைக் குறைக்க வேண்டி வந்தால் வாட்ச்மேனின் ஓவர்டைமில் கை வைக்கும் முன் உங்கள் படியைக் குறையுங்கள்.

கடைசியாக, இறங்குவதற்கான தேதியைப் பதவி ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள். எண்ணாகமம் 27-ல் சபைக்கு வேறொருவரை ஏற்படுத்தும்படி கர்த்தரிடம் கேட்டதே மோசேதான். யோசுவாவைச் சபையார் எல்லாருக்கும் முன்பாக நிறுத்தி, தன் கனத்தில் (மதிப்பில், அதிகாரத்தில்) கொஞ்சம் அவர்மேல் இருக்கும்படி செய்தார். நீங்களும் கடைசி வருஷத்தில் பாதிக் கூட்டங்களை அடுத்தவரை நடத்தச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வங்கிக் கையெழுத்து, நிலப் பத்திரங்கள், வாட்ஸ்அப் குழு அட்மின் பொறுப்பு எல்லாம் பதவி முடியும் அன்றே கை மாறட்டும்.