ரன் கொடுக்கும் முன் பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்

நம் மதுரைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் சிமுலேஷன் லேப் எப்படி நடக்கும் என்று பாடம் எடுப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேனுவலில் இருப்பதை வரிசையாக கிளிக் செய்வார்கள், அவுட்புட் வரும், பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டுவார்கள், சார் கையெழுத்துப் போடுவார், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டாலே பையன் யோசிக்கத் தொடங்கிவிடுவான் என்று பலர் நம்புகிறார்கள், எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. லேபை நடத்தும் விதம் மாறினால்தான் அது நடக்கும். அதற்குப் புது கம்ப்யூட்டரும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.

ரன் கொடுப்பதற்கு முன்னால், என்ன விடை வரும், ஏன் அப்படி வரும் என்று அப்சர்வேஷன் நோட்டில் எழுத வையுங்கள். பேனாவால் எழுத வேண்டும். பென்சில் என்றால் அவுட்புட்டைப் பார்த்துவிட்டு அழித்து மாற்றிவிடுவார்கள், நாமும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்போம்.

சிவில் மாணவர்களுக்கு ஈபாநெட்டில் தொடங்கலாம். குழாய்களில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணக்கிட, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ல் வெளியிட்ட மென்பொருள், இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பெரிய நெட்வொர்க் எல்லாம் வரையாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர், 12 மீட்டர் உயரத்தில் தண்ணீர் டேங்க், அங்கிருந்து ஒரே குழாய், 1000 மீட்டர் தள்ளிக் கடைசித் தெரு, அங்கே விநாடிக்கு 5 லிட்டர் தேவை. இவ்வளவுதான். டேங்கை ரிசர்வாயராக, அதாவது நீர்மட்டம் மாறாததாக, போட்டால் போதும். குழாயின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், ஹேசன்-வில்லியம்ஸ் சி (குழாயின் உட்புறம் எவ்வளவு வழவழப்பு என்பதைச் சொல்லும் எண்) 140 என்று கொடுத்தால், 12 மீட்டர் நீர் உயரத்தில் உராய்வில் சுமார் 4.6 மீட்டர் போய், கடைசித் தெருவில் 7.4 மீட்டர் அழுத்தம் மிஞ்சும். (ஃப்ளோ யூனிட்டை முதலிலேயே எல்பிஎஸ்-க்கு (விநாடிக்கு லிட்டர்) மாற்றச் சொல்லுங்கள். அது ஜிபிஎம்-மில் (நிமிடத்துக்கு கேலன்) கிடந்தால் நீங்கள் போட்ட 100-ஐ அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும்.)

இப்போது கேளுங்கள்: காசை மிச்சம் பிடிக்க 80 மில்லிமீட்டர் குழாய் போட்டால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு எண் எழுதட்டும். விட்டம் 20 சதவீதம் குறைந்தால் இழப்பும் அதே அளவுக்குக் கூடும் என்றுதான் நிறையப் பேர் எழுதுவார்கள். உண்மையில் உராய்வு இழப்பு விட்டத்தின் 4.87-வது அடுக்குக்குத் தலைகீழாகப் போவதால், 4.6 மீட்டர் ஏறக்குறைய மூன்று மடங்காகி 13.6 ஆகிவிடும். டேங்க் உயரமே 12 தானே? அதனால் கடைசித் தெருவில் அழுத்தம் மைனஸ் 1.6 என்று காட்டும், ஆனால் அதே திரையில் விநாடிக்கு 5 லிட்டர் குறையாமல் போவதாகவும் காட்டும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். கடைசித் தெருவில் குடத்தோடு நின்ற வீட்டுப் பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருப்பார், "சார், மைனஸ்னா தண்ணியே வராதே" என்று அவரே ஆரம்பித்து வைப்பார். பிறகு ஏன் 5 லிட்டர் காட்டுகிறது? நாம் தேவையை நிலையான எண்ணாகக் கொடுத்தோம், ஈபாநெட் அதைக் கொடுத்தே தீருவது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது. 12 மீட்டர் முழுவதையும் உராய்வுக்கே கொடுத்தாலும் அந்தக் குழாயில் சுமார் 4.7 லிட்டர்தான் வரும் என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம். 2020-ல் வந்த 2.2 பதிப்பில் அழுத்தத்தைப் பொறுத்துத் தேவையைக் குறைக்கும் வசதியும் இருக்கிறது, இந்தச் சண்டை ஓய்ந்த பிறகு அதைக் காட்டுங்கள், முன்னால் காட்டினால் வீண்.

மெக்கானிக்கல் என்றால் ஃப்ரீகேடில் (பாகங்களை வரைந்து வலிமையும் பார்க்கும் இலவச மென்பொருள்) எல் வடிவ பிராக்கெட் ஒன்று, உள்மூலை கூர்மையாக. மெஷ்ஷை (கணக்குக்காகப் பாகத்தைப் பிரிக்கும் சிறு துண்டுகளை) 5, 2, 1 மில்லிமீட்டர் என்று சிறிதாக்கிக்கொண்டே போனால், சுமையில் அது வளையும் அளவு ஓரிடத்தில் நின்றுவிடும், மூலையில் ஸ்ட்ரெஸ் (உள்ளே எழும் தகைவு) மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். எந்த எண்ணை நம்புவது என்று எழுதச் சொல்லுங்கள். கூர்மையான மூலையில் கணக்குப்படி ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே இல்லை, மெஷ்ஷை எவ்வளவு சிறிதாக்கினாலும் பயனில்லை. கப்பலூர் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணனிடம் கேட்டால் உள்மூலையில் ரேடியஸ் கொடுக்காமல், அதாவது வளைவாக்காமல், யார் செய்வார் என்பார். ரேடியஸ் கொடுத்துப் பார்த்தால் எண் அடங்கும்.

இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) ஆட்களுக்கு, சர்க்யூட்டைக் கணக்கிட்டுக் காட்டும் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மெகா ஓம், ஒரு மைக்ரோ ஃபாரட் வைத்தால் ஒரு விநாடியில் கெபாசிட்டர் 63 சதவீதம் ஏற வேண்டும். ஆனால் எண்ணுக்குப் பின்னால் பெரிய எழுத்து எம் போட்டாலும் எல்டிஸ்பைஸுக்கு அது மில்லிதான், மெகாவுக்கு எம், ஈ, ஜி மூன்றையும் அடிக்க வேண்டும். ஒரு விநாடி என்று முன்பே எழுதி வைத்தவர் கிராஃப் நட்டுக்குத்தலாக ஏறுவதைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவார். எழுதாதவர் பிரிண்ட் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் என்றால் நல்லதுதான், ஆனால் இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், விடை வேறுபட்டால் ரன் கொடுக்கும் முன் பேசி முடிக்க வேண்டும். குழாய் நீளம், ரெசிஸ்டர் மதிப்பு போன்றவற்றை அவரவர் ரோல் நம்பரின் கடைசி இரண்டு எண்ணிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், பக்கத்து சிஸ்டத்தைப் பார்த்து எழுதுவது பாதி குறையும். சாட்ஜிபிடியைக் கேட்பார்கள், கேட்கட்டும். "உன் மதிப்பை இரட்டிப்பாக்கினால்?" என்று வைவாவில் திரையை அணைத்துவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

மார்க் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கணிப்பு தவறானால் மார்க் குறைக்கவே கூடாது, குறைத்தால் அடுத்த வாரமே சீனியர் ரெக்கார்டிலிருந்து சரியான விடை வந்து உட்கார்ந்துவிடும். பத்துக்கு இரண்டு அவுட்புட்டுக்கு, மூன்று கணிப்புக்கும் அதன் காரணத்துக்கும், மீதி ஐந்தும் எழுதியதற்கும் வந்ததற்கும் ஏன் வித்தியாசம் என்ற விளக்கத்துக்கு. கணிப்பு சரியாக வந்தவர் அந்த ஐந்துக்கு, எந்த மதிப்பை மாற்றினால் தன் கணிப்பு பொய்யாகும் என்று ஒன்றைத் தேடிக் காட்டட்டும்.