அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களின் இல்லத்தில் பணியாற்றுவது எப்படி?

பிரிட்டனில் கற்றல் குறைபாடு என்று சொல்லப்படுவது நம் நாட்டில் அறிவுசார் குறைபாடு எனப்படுகிறது. இங்கே கற்றல் குறைபாடு என்றால் எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா போன்றவற்றையே குறிக்கும். வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பவர்கள் இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பணியாளரும் இல்லவாசிகளும் ஒரே கூரையின்கீழ் வாழும் முறைக்கு, வியன்னாவிலிருந்து அகதியாக வந்த மருத்துவர் கார்ல் கோனிக் 1940இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கேம்ப்ஹில் அமைப்பும், 1964இல் பிரான்சில் தோன்றிய லார்ஷ் அமைப்பும் அறியப்பட்ட முன்மாதிரிகள். லார்ஷின் இந்திய இல்லங்கள் ஆஷா நிகேதன் என்ற பெயரில் சென்னை உள்ளிட்ட ஊர்களில் இயங்குகின்றன. சிறப்பாசிரியராகச் சேர இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு தேவை. உடன் தங்கிப் பராமரிக்கும் பணிக்குப் பெரும்பாலும் இல்லமே பயிற்சி தருகிறது.

சேர்ந்த முதல் நாளிலேயே சரிசெய்துகொள்ள வேண்டியது நம் பேச்சு. நாற்பது வயதுக்காரரை, அவர் அரைக்கால் சட்டை போட்ட சிறுவன் என்பதுபோல ‘வாடா செல்லம்’ என்று கூப்பிடும் பழக்கம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. அன்பினால்தான் அப்படி அழைக்கிறோம் என்பது உண்மையே என்றாலும், அதே வயதுள்ள தபால்காரரை அப்படி அழைப்போமா என்று யோசித்தால் தவறு விளங்கிவிடும். ‘வாங்க, போங்க’ என்று பேசுங்கள். வயதுக்கேற்ப அண்ணன், அக்கா என்று அழையுங்கள். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே மூன்றாம் மனிதரிடம் பேச வேண்டியிருந்தால் அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணியில் சேர்ந்த புதிதில் நான் காலை வேளையில் ஆறு பேருக்குச் சட்டைப் பொத்தான்களை மளமளவென்று போட்டுவிட்டு, வேலை சீக்கிரம் முடிந்ததில் பெருமைப்பட்டேன். மூத்த பணியாளர் ஒருவர் அருகில் வந்து, அந்த ஆறு பேரில் ஒருவர் தாமே பொத்தான் போடக் கற்றுக்கொண்டு சில வாரங்களே ஆகின்றன என்று சொன்னார். அவருக்குக் கற்பித்த முறையையும் பிறகு காட்டினார். பொத்தானைத் துளைக்குள் பாதிவரை நாமே நுழைத்துவிட வேண்டும். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் விளிம்பை அவர் பிடித்து இழுக்கட்டும். அது கைவந்த பிறகு, நுழைப்பதையும் அவரிடம் விட வேண்டும். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பதால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவர் அவராகவே இருக்கிறார். இதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே காலை அட்டவணையை அரை மணி நேரம் முன்னால் நகர்த்துங்களே தவிர, அவர் கையை விலக்காதீர்கள்.

கேள்வி கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘இட்லியா, தோசையா?’ என்று கேட்டால் சிலர் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லையே திருப்பிச் சொல்வார்கள், ‘சரிதானே?’ என்றால் எதற்கும் தலையாட்டுவார்கள். வரிசையை மாற்றி மறுபடி கேளுங்கள், அல்லது இரண்டு தட்டுகளையும் காட்டிவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடமே ஒழிய அவர்களுக்கு அல்ல.

நடத்தையில் திடீரென்று மாற்றம் தெரிந்தால், குறைபாட்டின்மேல் பழியைப் போடாமல் முதலில் உடம்பைப் பாருங்கள். தம் கன்னத்தில் தாமே அறைந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி ஒரு வாரம் முழுக்க ‘கோபமாக இருக்கிறார்’ என்றே எழுதிவைத்திருந்தோம். உண்மையில் அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகியிருந்தது. மலச்சிக்கல், காதுவலி, தூக்கமின்மை எல்லாம் இப்படித்தான் வெளிப்படும். டவுன் நோய்க்குறி என்ற பிறவி மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடும், நாற்பது வயதைத் தாண்டியபின் மறதிநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், சோம்பலாகத் தோன்றுவதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் கூடாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, தலைக்கடியில் மென்மையான துணி வைத்து, அருகிலுள்ள பொருள்களை அகற்றி, இழுப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108ஐ அழையுங்கள்.

தினக்குறிப்பில் ‘அடம்பிடித்தார்’ என்று எழுதினால் அடுத்த பணிமுறையில் வருபவருக்கு ஒன்றும் விளங்காது. ‘மதியம் 1 மணிக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளினார், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தியதும் சாப்பிட்டார்’ என்று எழுதினால், அந்த இல்லவாசிக்கு மறுநாள் சமையலறையிலிருந்து தள்ளி உட்கார இடம் கிடைக்கும்.

குளியலுக்கும் உடை மாற்றவும் உதவுபவர் அந்த இல்லவாசியின் பாலினத்தவராகவே இருப்பது நல்லது. கதவைத் தட்டாமல் எவர் அறைக்குள்ளும் நுழையக் கூடாது. ஓர் இல்லத்தின் நற்பெயரை நம்பி விதிகளைத் தளர்த்துவது ஆபத்து. லார்ஷின் நிறுவனர் ழான் வனியே பல பெண்களைத் தம் செல்வாக்கினால் பாலியல்ரீதியாகச் சுரண்டினார் என்பது, அவர் இறந்தபின் 2020இல் அந்த அமைப்பே வெளியிட்ட விசாரணை அறிக்கையில் உறுதியானது. அந்தப் பெண்கள் இல்லவாசிகள் அல்லர் என்றபோதிலும் பாடம் ஒன்றுதான். ஐயம் எழுந்தால் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே அசைவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) புகார் செய்ய எவருக்கும் வழியுண்டு.

பார்வையாளர் நாளில் வயதான பெற்றோர்கள் உங்களைத் தனியே அழைத்துக் கேட்பது ‘எங்களுக்குப் பிறகு?’ என்பதாகத்தான் இருக்கும். சமாதானம் சொல்வதோடு நிற்காமல் சில விவரங்களைத் தெரிந்துவைத்திருங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம்; நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.

என்றாவது வேலையை விட முடிவுசெய்தால், வருத்தப்படுவார்களே என்று கடைசி நாள்வரை மறைக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லி, நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, ஒவ்வொரு காலையும் அவர்களோடு சேர்ந்து நாள்களை எண்ணுங்கள்; புதிதாக வருபவரைப் பக்கத்தில் நிறுத்தி, யாருக்கு எந்தப் பொத்தான் வரை கைவந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.