பர்கருக்குள் இருப்பது எந்த சீஸ்? பாக்கெட்டிலும் தோசைக்கல்லிலும் கண்டுபிடிக்கும் முறை

“பர்கரில் போடுவது நிஜ சீஸா, ப்ராசஸ்டு சீஸா?” என்று கேட்டால் கடைக்காரரிடமிருந்து சரியான பதில் வராது. ப்ராசஸ்டு சீஸும் பாலில் செய்த சீஸிலிருந்து வருவதுதான். பாலே பெரிதாக இல்லாமல் பாமாயிலும் மாவுச்சத்தும் சேர்த்துச் செய்யும் மூன்றாவது வகை ஒன்று உண்டு, அனலாக் என்பார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்வோம். பாலில் ரென்னெட் என்ற நொதியைச் சேர்த்துத் திரியவைத்து, ‘வே’ (whey) என்ற தெளிந்த நீரை வடித்து, உப்பிட்டுப் பதப்படுத்துவது நேச்சுரல் சீஸ். செடார், கௌடா, மோஸரெல்லா எல்லாம் இந்த வகை. அந்த சீஸைத் துருவி, தண்ணீரும் சோடியம் சிட்ரேட் போன்ற உப்பும் சேர்த்துச் சூடாக்கிக் கூழாக்கி, மறுபடி உறையவைத்தால் ப்ராசஸ்டு சீஸ். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டு, கேசின் என்ற பால் புரதத்தையோ ஸ்டார்ச்சையோ கொண்டு கெட்டிப்படுத்தினால் அனலாக்.

பர்கரில் ப்ராசஸ்டு சீஸ் வந்து உட்கார்ந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. செடாரில் புரதத்தைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். சூடு ஏறும்போது கொழுப்பு முதலில் உருகிவிடும். புரதம் இறுகிச் சுருங்கி, எண்ணெயை வெளியே தள்ளும். பர்கர் நடுவே வைக்கும், சுடச்சுட இருக்கும் வடை போன்ற ‘பேட்டி’யின் (patty) மேல் நன்றாகப் பழுத்த செடார் துண்டை வைத்தால் எண்ணெய் தனியாகவும் ரப்பர் மாதிரி ஒரு கட்டி தனியாகவும் நிற்பது இதனால்தான். சோடியம் சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கட்டவிழ்ந்த புரதம் தண்ணீரோடும் கொழுப்போடும் கலந்து, இரண்டையும் பிரியவிடாமல் தாங்கிக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் 1911-இல் எமென்டால் சீஸை வைத்து இதைச் செய்துகாட்டினார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க பர்கர்களில் வரும் ‘அமெரிக்கன் சீஸ்’ அந்த வழியில் வந்தது.

மெக்டொனால்ட்ஸின் அமெரிக்கக் கிளைகளில் போடும் ஸ்லைஸின் பொருட்பட்டியலை அந்த நிறுவனமே வெளியிடுகிறது: பால், கிரீம், தண்ணீர், சோடியம் சிட்ரேட், உப்பு, சீஸ் கல்ச்சர், சிட்ரிக் அமிலம், என்சைம், சோயா லெசித்தின், நிறம். பாமாயில் இல்லை, ஸ்டார்ச் இல்லை. சந்தேகமில்லாமல் ப்ராசஸ்டு சீஸ். 2018-இல் அங்கே பர்கர்களிலிருந்து செயற்கைப் பாதுகாப்புப் பொருட்களை எடுத்தபோது இந்த ஸ்லைஸிலிருந்து சார்பிக் அமிலம் போனது, சோடியம் சிட்ரேட் போகவில்லை. அதை எடுத்தால் அந்த ஸ்லைஸே இல்லை.

அமெரிக்க லேபிளில் பெயரைக் கவனித்துப் படிக்க வேண்டும். ‘பாஸ்சுரைஸ்டு ப்ராசஸ் சீஸ்’ என்றால் பெரும்பங்கு சீஸ்தான், எமல்சிஃபையர் உப்பு, அதாவது சோடியம் சிட்ரேட் போன்றவை, 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ‘சீஸ் ஃபுட்’ என்றால் குறைந்தது 51 சதவீதம் சீஸ், மீதியில் பால் பவுடர், வே பவுடர் சேரலாம். ‘ப்ரிப்பேர்டு சீஸ் ப்ராடக்ட்’ என்ற பெயருக்குச் சட்டத்தில் தனி அளவுகோல் கிடையாது. இந்தியாவில் ப்ராசஸ்டு சீஸ் என்று எழுத வேண்டுமானால் ஈரப்பதம் 47 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஈரம் நீங்கிய எடையில் குறைந்தது 40 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பாக்கெட்டில் 100 கிராமுக்குக் கொழுப்பு 25 கிராம், ஈரம் 47 கிராம் என்று வைத்துக்கொண்டால் காய்ந்த எடை 53 கிராம். 25-ஐ 53-ஆல் வகுத்தால் 47 சதவீதம் வரும். தேறிவிட்டது.

நம் ஊரில் பலர் ‘ஒரிஜினல் சீஸ்’ என்று நம்பி வாங்கும் டின் சீஸும் சீஸ் க்யூபும் பெரும்பாலும் ப்ராசஸ்டு சீஸ்தான். வீட்டு சாண்ட்விச்சில் வைக்கும்போது வராத சந்தேகம் கடை பர்கரில் மட்டும் வருவது நியாயமில்லை.

பாக்கெட்டைப் படிப்பது

தெருமுனை பர்கர் கடையில் இதைவிடச் சுலபமான, உறுதியான வழி வேறில்லை. “அண்ணே, நீங்க போடுற சீஸ் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் காட்டுவார்கள். முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள்.

பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சாகியிருக்கும். முதல் சொல் ‘சீஸ்’ என்றோ ‘பால்’ என்றோ இருந்தால் கவலையில்லை. முதல் மூன்றுக்குள் ‘எடிபிள் வெஜிடபிள் ஆயில்’, ‘பாமாயில்’, ‘வெஜிடபிள் ஃபேட்’ வந்தால் அது அனலாக், அல்லது பாதி அனலாக். ‘ஸ்டார்ச்’, ‘மாடிஃபைடு ஸ்டார்ச்’, ஐ.என்.எஸ் 1442 (மாடிஃபைடு ஸ்டார்ச் ஒன்றின் எண்; உணவுச் சேர்க்கைகளுக்கான குறியீட்டு எண்தான் ஐ.என்.எஸ்) ஆகியவை மேலே இருந்தாலும் அப்படியே. ஐ.என்.எஸ் 331 சோடியம் சிட்ரேட், 339-உம் 452-உம் பாஸ்பேட் வகைகள், 160பி அன்னாட்டோ விதையின் ஆரஞ்சு நிறம், 200 சார்பிக் அமிலம். இவை ப்ராசஸ்டு சீஸில் வழக்கமாக வருபவை, இவற்றை வைத்து எதையும் போலி என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஊட்டச்சத்துக் கட்டம். பலரும் பார்க்காமல் விடும் இடம் இது, எண்ணெய்க் கலப்பைப் பெரும்பாலும் இங்கேயே பிடித்துவிடலாம். நல்ல ப்ராசஸ்டு சீஸில் 100 கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம் இருக்கும், கார்போஹைட்ரேட் சில கிராம்தான். புரதம் ஒற்றை இலக்கத்திலும் கார்போஹைட்ரேட் 10 கிராமுக்கு மேலும் இருந்தால் ஸ்டார்ச் நிறைய இருக்கிறது. கொலஸ்ட்ரால் அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். பால் கொழுப்பில் கொலஸ்ட்ரால் கட்டாயம் இருக்கும், தாவர எண்ணெயில் இருக்காது. கொழுப்பு 20 கிராமுக்கு மேல், கொலஸ்ட்ரால் பூஜ்யம் என்று ஒரே கட்டத்தில் பார்த்தால் அந்தக் கொழுப்பு பாலிலிருந்து வந்ததல்ல. சோடியம் அதிகமாக இருப்பது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. செடாரில் 100 கிராமுக்கு 600-700 மில்லிகிராம் இருந்தால், சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்த ப்ராசஸ்டு சீஸில் இரண்டு மடங்கு வருவது சாதாரணம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெனு கார்டில் ‘சீஸி சாஸ்’, ‘சீஸி டிப்’, ‘சீஸ் ஃப்ளேவர்’, ‘மோஸரெல்லா ஸ்டைல்’, ‘பிளெண்ட்’ என்று எழுதியிருந்தால் விசாரியுங்கள். பாட்டிலிலிருந்து பீய்ச்சி ஊற்றும் சாஸ்களில் பெரும்பாலும் எண்ணெயும் ஸ்டார்ச்சும்தான் முன்னால் நிற்கும்.

தோசைக்கல் சோதனை

பாக்கெட் கிடைக்காதபோது இது உதவும். பர்கரை சாஸ் இல்லாமல் கேட்டு வாங்கி, பன்னுக்கு வெளியே தொங்கும் மூலையிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, லேபிள் தெரிந்த செடார் ஒரு துண்டும், லேபிள் தெரிந்த ப்ராசஸ்டு ஸ்லைஸ் ஒரு துண்டும் வேண்டும். இவை இல்லாமல் சந்தேகத் துண்டை மட்டும் சுட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

எண்ணெய் தடவாத நான்ஸ்டிக் கல்லை மிதமான தீயில் ஒரு நிமிடம் காயவைத்து, மூன்றையும் இடைவெளி விட்டு வையுங்கள். செடாரின் ஓரத்தில் சீக்கிரமே எண்ணெய் முத்து முத்தாகத் துளிர்க்கும், குமிழி விடும், பிறகு வலைவலையாக முறுகும். ப்ராசஸ்டு ஸ்லைஸில் முதலில் நான்கு மூலைகளும் தளரும். மேற்பரப்பு பளபளக்கும், எண்ணெய் பிரியாமல் வழவழப்பாகப் பரவும். இன்னும் விட்டால் அடியில் பழுப்புத் தோல் கட்டி, முழுதாகக் கிளம்பி வரும். ஸ்டார்ச் மிகுந்த அனலாக் சதுரம் கலையாமல் நிற்கும். மேலே மங்கலான தோல் படியும், ஓரம் காய்ந்து வெடிக்கும்.

கேசினும் பாமாயிலும் சேர்த்துச் செய்த நல்ல தர அனலாக் ப்ராசஸ்டு சீஸைப் போலவே உருகிவிடும். அதைத் தோசைக்கல்லில் பிடிக்க முடியாது.

லைட்டர் தீயில் ஸ்லைஸைக் காட்டி, “உருகாமல் கருகுகிறது, அப்படியானால் பிளாஸ்டிக்” என்று சொல்வது தவறு. எமல்சிஃபையர் உப்பு தண்ணீரையும் கொழுப்பையும் பிடித்து வைத்திருப்பதால் அது சொட்டாது. தீ நேராகப் படும் இடத்தில் புரதம் கருகும், லைட்டர் புகையின் கரியும் படியும்.

அயோடின் சொட்டு

ஸ்டார்ச்சை மட்டும் காட்டும் சோதனை. கட்டைவிரல் நகம் அளவு சீஸை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் நிறம் பிடிக்காது. மருந்துக்கடை டிங்சர் அயோடினோ, தண்ணீர் கலந்த போவிடோன் அயோடினோ இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். கருநீலம் வந்தால் ஸ்டார்ச் இருக்கிறது, மஞ்சள் கலந்த பழுப்பாகவே நின்றால் இல்லை. சோதித்ததைக் கொட்டிவிடுங்கள்.

பன் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலே நீலம் வரும். பல மயோனைஸ்களிலும் ஸ்டார்ச் உண்டு. அதனால் துண்டைத் தண்ணீரில் அலசி, துடைத்துவிட்டுத்தான் கொதிக்கவிட வேண்டும். துருவி பாக்கெட்டில் அடைத்த சீஸில், ஒட்டாமல் இருக்கத் தூவும் ஸ்டார்ச்சும் நீலம் காட்டும். நீலம் வராததால் பாமாயில் இல்லை என்றும் சொல்ல முடியாது. தாவரக் கொழுப்பை உறுதிசெய்வது ஆய்வகத்தின் வேலை.

வீட்டிலேயே ஸ்லைஸ்

என்ன போட்டிருக்கிறது என்று முழுதாகத் தெரிய வேண்டுமானால் செய்துவிடுவதே நல்லது. 200 கிராம் இளம் செடார், 40 மில்லி தண்ணீர், 5 கிராம் சோடியம் சிட்ரேட் போதும். 20 கிராம் ஸ்லைஸ் ஏறத்தாழ 12 வரும். சிட்ரேட் கிடைக்காவிட்டால் 4 கிராம் சிட்ரிக் ஆசிட்டையும் 5 கிராம் சமையல் சோடாவையும் அதே 40 மில்லி தண்ணீரில் கரையுங்கள். பொங்கும், எனவே பெரிய பாத்திரம் எடுங்கள். நுரை அடங்கும்வரை சூடாக்கினால் சோடியம் சிட்ரேட் கரைசல் தயார். சுண்டிய தண்ணீரை அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுக்கவும். சோடா கூடிப்போனால் ஸ்லைஸில் சோப்புச் சுவை அடிக்கும்.

கரைசல் லேசாகக் கொதிக்கும்போது தீயைக் குறைத்து, துருவிய செடாரைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். முதலில் திப்பித்திப்பியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். 75 டிகிரி செல்சியஸ் அளவில் தோசை மாவு போல் வழவழவென்று ஒன்றுசேரும். எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் ஊற்றி, மேலே இன்னொரு தாள் வைத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து வெட்டுங்கள். ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், இதில் சார்பிக் அமிலம் இல்லை.

பன்னீரை வைத்து முயலாதீர்கள். எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரித்த பாலில் அமிலம் புரதத்தை இறுக்கிவிடும். அது உருகாது. ப்ராசஸ்டு க்யூபில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் மறுபடி சிட்ரேட் சேர்த்தால் உப்புக்கரிக்கும்.

கலவையில் எண்ணெய் பிரிந்து மிதந்தால் சூடு மிஞ்சியிருக்கும், அல்லது சிட்ரேட் போதவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் அரை கிராம் சிட்ரேட் கரைத்து ஊற்றி, மிக்ஸியில் விட்டுவிட்டு அடியுங்கள். சூடான கலவை மூடியைத் தள்ளும், துணி வைத்து அழுத்திப் பிடியுங்கள். மணல்போல் நெருடினால் செடார் மிகவும் முற்றியது என்று அர்த்தம். அடுத்த முறை பாதிக்கு இளம் கௌடா கலந்துகொள்ளுங்கள்.