வினையூக்கி போடும் முன் தூளைக் கழுவுங்கள்

சீமைக் கருவேலத் தூளில் வினையூக்கி சேர்த்து, அது சூட்டில் எப்படிச் சிதைகிறது என்று பார்க்கப் போகிறீர்களா? முதலில் தூளைக் கழுவுங்கள். மரத்துக்குள்ளேயே பொட்டாசியம் இருக்கிறது. அதுவே ஒரு வினையூக்கிதான். இது புரியாமல் நான் இரண்டு மாதம் கழுவாத தூளில் பொட்டாசியம் கார்பனேட்டைப் போட்டுப் போட்டு, வித்தியாசம் ஏன் இவ்வளவு குறைவு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

கால் மில்லிமீட்டருக்குக் கீழே சலித்த தூளைக் காய்ச்சி வடித்த வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால் பொட்டாசியம் பெரும்பாலும் போய்விடும். தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இறங்கும். அந்த நிறம் டானின் (மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள்) போன்றவற்றால் வருவது. பொட்டாசியத்துக்கு நிறம் கிடையாது. அப்புறம் 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, மூன்று பங்காக்குங்கள்.

ஒரு பங்கு அப்படியே இருக்கட்டும். இன்னொன்றை மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) நன்றாக அடைத்து, மூடி போட்டு, 250 டிகிரியில் அரை மணி நேரம் வறுங்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வந்தால் போதும். சூட்டோடு மூடியைத் திறந்தால் தூள் கனன்றுவிடும். மூன்றாவது பங்குக்கு, 100 கிராம் தூளுக்கு 2 கிராம் கணக்கில் பொட்டாசியம் கார்பனேட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கிளறிக்கொண்டே உலர்த்துங்கள். வெறும் பொடியாகக் கலந்தால் இழைக்குள் இறங்காது.

சூடேற்றச் சூடேற்ற எடை எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் டி.ஜி.ஏ. கருவியில் 10 மில்லிகிராம் போதும். நைட்ரஜனில், நிமிடத்துக்கு 10 டிகிரி, 700 வரை. ஓட்டுவதற்கு முன் அரை மணி நேரமாவது நைட்ரஜன் போகட்டும். ஒருமுறை அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டேன். கடைசியில் தட்டில் கரிக்குப் பதில் வெள்ளைச் சாம்பல்தான் கிடந்தது.

மரத்தின் முக்கியப் பொருள்கள் ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின் மூன்றும். எடை குறையும் வேகத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், கழுவிய தூளில் 300 டிகிரியை ஒட்டி, முனையின் பக்கவாட்டில் ஒரு தோள் போன்ற புடைப்பு தெரியும்; அது ஹெமிசெல்லுலோஸ். 350க்கு மேலே உள்ள கூர்முனை செல்லுலோஸ். லிக்னினுக்குத் தனி முனை கிடையாது, நீளமாக இழுத்துக்கொண்டே போகும். வறுத்ததில் தோள் தேய்ந்திருக்கும், முனை அதிகம் நகராது. பொட்டாசியம் போட்டதில் முனையே இடப்பக்கம், அதாவது குறைந்த சூட்டுக்கு, நகர்ந்துவிடும், கரியும் கூடும். ஆனால் மிஞ்சிய எடையிலிருந்து நீங்கள் போட்ட உப்பைக் கழித்த பிறகே அதைக் கரி என்று சொல்லுங்கள்.

வறுத்த தூளின் கணக்கில்தான் பலரும் ஏமாறுவது. 1 கிராம் தூள் வறுத்ததும் 0.7 கிராம் ஆனது, அதில் 35 சதவீதம் கரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுப்பதற்கு முந்தைய தூளின் கணக்கில் அது 24.5 சதவீதம்தான்.