அமெரிக்கக் கால்பந்தை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு: படிப்படியான விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தை முதலில் பார்ப்பவர்களைக் குழப்புவது, சில வினாடிகளே நீடிக்கும் மோதலும், அதன்பின் எதுவுமே நடக்காததுபோல் தோன்றும் இடைவெளியும்தான். உண்மையில் இந்த ஆட்டம் நிலத்தைப் பிடிப்பதற்கான போட்டி. பந்து வைத்திருக்கும் அணியிடம் பத்துப் பத்து யார்டுகளாக அந்த நிலம் கேட்கப்படுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால், மற்ற விதிகள் பெரும்பாலும் அதிலிருந்தே விளங்கிவிடும். ஆகவே ஆட்டக்காரர்களின் பொறுப்புகளை முதலில் மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கமான முறையை நான் பரிந்துரைப்பதில்லை. கீழே உள்ளவை தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல். விதிகள், கல்லூரி ஆட்டங்களில் சில வேறுபாடுகள் உண்டு.

முதல் படி: மைதானத்தின் எண்களைப் படியுங்கள்

இரண்டு கோல் கோடுகளுக்கும் இடையே 100 யார்டு தூரம் இருக்கிறது. ஒவ்வொரு கோல் கோட்டுக்கும் பின்னால் 10 யார்டு ஆழமுள்ள பகுதிக்கு எண்ட் ஸோன் என்று பெயர். மைதானத்தின் நடுவில் 50 என்று எழுதப்பட்டிருக்கும். அங்கிருந்து இருபுறமும் எண்கள் 40, 30, 20, 10 என்று குறைந்துகொண்டே போகும். இதனால் 20 என்ற எண் இரண்டு இடங்களில் வருகிறது. தன் பக்கத்து 20இல் நிற்கும் அணி இன்னும் 80 யார்டு கடக்க வேண்டும். எதிரணிப் பக்கத்து 20இல் நிற்கும் அணிக்கு 20 யார்டே மிச்சம்.

இரண்டாம் படி: டவுன் கணக்கைப் பழகுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர் நிற்பார்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

முன்வரிசையின் நடுவில் இருக்கும் சென்டர் என்ற ஆட்டக்காரர் பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பதுடன் ஒரு முயற்சி தொடங்குகிறது. இதை ஸ்னாப் என்பார்கள். பந்தோடு ஓடுபவர் வீழ்த்தப்பட்டாலோ, எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியேறினாலோ, முன்னோக்கி எறிந்த பந்து எவர் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தாலோ அந்த முயற்சி முடிந்துவிடும். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் முன் களம் மாற்றி அமைக்கப்படுவதைப் போல, அடுத்த ஸ்னாப்புக்கு முன் இரண்டு அணிகளும் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் நேரமே அந்த இடைவெளி.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஓர் அணி தன் பக்கத்து 25இல் தொடங்குகிறது. திரையின் ஓரத்தில் "முதல் டவுன், 10" என்ற பொருளில் எண்கள் தெரியும். ஓட்டக்காரர் 3 யார்டு ஓடி வீழ்கிறார். பந்து இப்போது 28இல் இருக்கிறது, கணக்கு இரண்டாம் டவுன், 7. அடுத்து எறிந்த பந்து தரையில் விழுகிறது. பந்து மீண்டும் 28க்கே வரும்; மூன்றாம் டவுன், 7. அதற்கடுத்த பந்தை ஒருவர் பிடித்து மொத்தம் 9 யார்டு முன்னேறுகிறார். பந்து 37இல் இருக்க, கணக்கு மறுபடியும் முதல் டவுன், 10 ஆகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் முதல் கால் மணி நேரம் விடாமல் கவனித்து வாருங்கள். எட்ட வேண்டிய இடத்தைத் திரையில் ஒரு மஞ்சள் கோடு காட்டும். 1998இல் அறிமுகமான அந்தக் கோடு தொலைக்காட்சியில் மட்டுமே தெரியும். மைதானத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இந்த விதி ஏன் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1881இல் யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிகள் ஆளுக்கு ஒரு பாதி நேரம் பந்தை விடாமல் வைத்துக்கொண்டதால், அந்த ஆட்டம் ஒரு புள்ளிகூட விழாமல் முடிந்தது. மறு ஆண்டே, இந்த ஆட்டத்தின் விதிகளைச் செதுக்கியவர்களில் முதன்மையானவரான வால்டர் கேம்ப்பின் முயற்சியால், மூன்று முயற்சிகளில் 5 யார்டு கடக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அது 1906இல் 10 யார்டு ஆனது. 1912இல் முயற்சிகள் நான்காயின.

மூன்றாம் படி: நான்காம் டவுனில் நிமிர்ந்து உட்காருங்கள்

மூன்று முயற்சிகளிலும் தூரம் கடக்கவில்லை என்றால் பயிற்சியாளர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பந்தைத் தொலைவுக்கு உதைத்து, எதிரணி தன் கோல் கோட்டுக்கு அருகிலிருந்து தொடங்கும்படி செய்யலாம். இதற்குப் பன்ட் என்று பெயர். கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஃபீல்ட் கோல் அடிக்கலாம். மிச்சமுள்ள தூரத்தைத் துணிந்து கடக்கவும் முயலலாம். அதில் தோற்றால் எதிரணி அதே இடத்திலிருந்து தொடங்கும். ஃபீல்ட் கோலின் தூரத்தை நீங்களே கணக்கிடலாம். கம்பங்கள் எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்கின்றன, பந்தைப் பிடித்து நிறுத்துபவர் வரிசைக்கு ஏழு யார்டு அளவில் பின்னால் இருப்பார். எனவே பந்து இருக்கும் இடத்துடன் 17ஐக் கூட்டுங்கள். எதிரணிப் பக்கத்து 30இல் பந்து இருந்தால் அது 47 யார்டு உதை. இந்த ஆட்டத்தின் மிக அழகான கணங்கள் நான்காம் டவுன் முடிவுகளில்தான் இருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: புள்ளிகள்

பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் நுழைந்தாலோ, அதற்குள் பந்தைப் பிடித்தாலோ டச்டவுன், 6 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்து 1 புள்ளி சேர்க்கலாம். அல்லது 2 யார்டு தொலைவிலிருந்து மறுபடி உள்ளே நுழைந்து 2 புள்ளிகள் பெறலாம். ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளிகள். பந்து வைத்திருப்பவர் தன்னுடைய எண்ட் ஸோனுக்குள்ளேயே வீழ்த்தப்பட்டால் அது சேஃப்ட்டி. எதிரணிக்கு 2 புள்ளிகள் கிடைப்பதோடு, பந்தையும் அவர்களுக்கே உதைத்துக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆட்களை அடையாளம் காணுங்கள்

சென்டரிடமிருந்து பந்தை வாங்கி, அதை ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, எறிவதா என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். பந்தை முன்னோக்கி எறிய 1906 முதல்தான் அனுமதி உண்டு. மைதானத்தில் உயிரிழப்புகள் பெருகியதால் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளை அழைத்துப் பேசிய காலம் அது. ஒரு முயற்சியில் ஒரே ஒரு முறை, அதுவும் ஸ்னாப் நடந்த கோட்டுக்குப் பின்னால் இருந்துதான் முன்னோக்கி எறியலாம். பின்னோக்கியோ பக்கவாட்டிலோ எத்தனை முறையும் எறியலாம். குவார்ட்டர்பேக்கின் முன் நிற்கும் ஐந்து பருத்த தடுப்பாளர்கள் வழக்கமாகப் பந்தைப் பிடிக்க உரிமையற்றவர்கள். ஆனால் ஆட்டத்தின் போக்கு பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கிறது. பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இரண்டு மூன்று முயற்சிகளுக்கு இந்த ஐவரை மட்டும் கவனியுங்கள். அவர்கள் முன்னே பாய்ந்து மோதினால் பெரும்பாலும் ஓட்டம். பின்வாங்கி அரண் அமைத்தால் எறிதல். எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடிப்பது இன்டர்செப்ஷன்; ஓடுபவர் கையிலிருந்து நழுவுவது ஃபம்பிள்.

ஆறாம் படி: மஞ்சள் கொடி

நடுவர் மஞ்சள் கொடி எறிந்தால் தவறு நடந்திருக்கிறது; தண்டனையும் யார்டுகளிலேயே அளக்கப்படும். ஸ்னாப்புக்கு முன் அசைந்தால் 5, பந்து வைத்திருக்கும் அணி எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10, தலைக்கவசக் கம்பியைப் பற்றித் திருகினால் 15. மற்றவை பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

ஏழாம் படி: கடிகாரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். ஓடியவர் களத்துக்குள் வீழ்ந்தால் கடிகாரம் தொடர்ந்து ஓடும். எறிந்த பந்து தரையில் விழுந்தால் நிற்கும். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணி மூன்று முறை ஆட்டத்தை நிறுத்தி நேரத்தைக் காக்கலாம். முன்னணியில் இருக்கும் அணியின் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி முழங்காலை ஊன்றினாலே முயற்சி முடிந்துவிடும், கடிகாரமோ ஓடும்.

இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காண, 2015 பிப்ரவரியில் நடந்த 49ஆவது சூப்பர் பவுலின் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டியின்) கடைசி நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28–24 என்று முன்னணியில் இருந்தது. சியாட்டில் சீஹாக்ஸுக்கு 3 புள்ளி போதாது, டச்டவுன்தான் வேண்டும். எதிரணியின் 5 யார்டு கோட்டிலிருந்து சியாட்டில் ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச் 4 யார்டு ஓடினார். மிச்சம் ஒரே யார்டு, இரண்டாம் டவுன். கடிகாரத்தில் 26 வினாடிகள் இருக்கும்போது ஸ்னாப் நடந்தது. சியாட்டிலிடம் ஒரே ஒரு நிறுத்தம் மீதமிருந்தது. மூன்று முயற்சிகளிலும் ஓடினால் நேரம் போதாமல் போகலாம். எறிந்தால், பந்து தரையில் விழுந்தாலும் கடிகாரம் நின்றுவிடும். அந்தக் கணக்கில்தான் சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிந்தார். புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் வரைவில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத பேட்ரியட்ஸ் புதுமுகம் மால்கம் பட்லர் பாய்ந்து அதை இடைமறித்தார். லிஞ்சிடம் பந்தைக் கொடுக்காதது பெரும் பிழை என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். கடிகாரத்தையும் டவுனையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இடைமறிப்போடு ஆட்டம் முடிந்துவிடவில்லை. பந்து இப்போது பேட்ரியட்ஸின் சொந்தக் கோல் கோட்டை ஒட்டி இருந்தது. அந்த அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பின்னே நகர்ந்து முழங்காலை ஊன்றினால் எண்ட் ஸோனுக்குள் சேஃப்ட்டி ஆகிவிடும். அந்த நேரத்தில் சியாட்டில் ஆட்டக்காரர் ஒருவர் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். மஞ்சள் கொடி விழுந்தது, பந்து 5 யார்டு முன்னே வைக்கப்பட்டது. பிரேடி முழங்காலை ஊன்றத் தேவையான இடம் அதனால்தான் கிடைத்தது.