களிப்பாறைச் சரிவில் மண் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் வேலைக்குப் புதியவர்கள் இருவருடன் மலைச்சரிவு மேய்ச்சல் நிலம் ஒன்றில் மண்குழி வெட்டினோம். ஒருவர் ஒரு பிடி மண்ணை எடுத்தார், தண்ணீர் தெளித்து இரண்டு பிசை பிசைந்தார், "சரளை கலந்த இருபொறை மண், நல்ல வடிகால்" என்று குறிப்பேட்டில் எழுதினார். இருபொறை என்றால் மணலும் வண்டலும் களியும் கலந்த மண். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நான் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் எழுதிய அதே வரி.

மண் பைக்குச் சீட்டு வைக்க மறப்பது, குழியின் ஆழத்தைத் தவறாக அளப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகவே சரியாகிவிடும். பட்ட பிறகும் சரியாகாதவை வேறு.

சில்லைக் கல் என்று நம்புவது

ஷேல் என்னும் களிப்பாறை, நீரடியில் படிந்த நுண்சேறு அழுத்தத்தில் இறுகி உண்டானது. ஏடு ஏடாகப் பிரியும். சரிவில் வெயிலும் மழையும் பட்டு அது தட்டையான சில்லுகளாக உடைகிறது. கோடையில் அள்ளிப் பார்த்தால் சரளை போலக் கலகலக்கும். இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய சில்லுகள் விரலிடையே மணல் போல நெருடும். ஆனால் படிகக்கல் சரளை மழையில் கரைவதில்லை. பல களிப்பாறைகளின் சில்லுகளோ சில முறை நனைந்து காய்ந்தாலே சேறாகிவிடும். அவை இன்னும் குழையாத களிமண், அவ்வளவுதான்.

இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கடும் கோடையில் போனேன். கை நெருடியது. குழியருகே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நொடியில் காணாமல் போனது. இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொன்னதால் ஐயம் எழவில்லை. இரண்டும் பொய்ச்சாட்சிகள் என்பது பிறகுதான் புரிந்தது. தண்ணீர் மண்ணுக்குள் ஊறவில்லை, கோடை வெடிப்புகளுக்குள் விழுந்திருக்கிறது. உப்பும் தன்மையுள்ள ஸ்மெக்டைட் வகைக் களி நனைந்ததும் பருத்து வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதன்பின் நீர் இறங்குவதே அரிது.

நான் எழுதிய குறிப்பை நம்பி, அந்தச் சரிவின் அடிப்பகுதியை வெட்டி மந்தைக்கும் வண்டிக்குமாக ஒரு பாதை போட்டார்கள். முதல் மழைக்காலம் அமைதியாகக் கழிந்தது. எனக்குப் பெருமை கூட. இரண்டாம் ஆண்டு, வெடிப்புகள் வாய் திறந்திருந்த நேரத்தில் நல்ல மழை பிடித்தது. உள்ளே போன நீர் கீழே இறுகிய பாறையின்மேல் தேங்கியது, சில்லுகள் குழைந்தன, தாங்க அடிவாரமும் இல்லை. பாதை, வேலி, தண்ணீர்த் தொட்டிக்குப் போன குழாய் எல்லாம் ஒரே இரவில் கீழே இறங்கிக் கிடந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பாதை போட்ட செலவைவிட அதைச் சீர்செய்த செலவு கூடுதல். அறிக்கையின் அடியில் இருந்தது என் கையெழுத்து.

மூத்த அலுவலர் ஒருவர் திட்டவில்லை. என் பையிலிருந்து பத்துச் சில்லுகளை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார். காலையில் பார்த்தபோது மூன்றுதான் கல்லாக மிஞ்சியிருந்தன. மற்றவை அடியில் கூழாகப் படிந்திருந்தன. திட்டியிருந்தால் இத்தனை நாள் நினைவிருந்திருக்காது.

கையால் மண்ணின் நயம், அதாவது மணலும் களியும் எவ்வளவு என்று பார்க்கும்போது ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள். நெருடல் மேலும் குறையவில்லை என்று உறுதியாகும் வரை பிசையுங்கள். நான்கைந்து நிமிடம் ஆகலாம். பிறகு கட்டைவிரலால் தள்ளி நாடா இழுங்கள். 2.5 செ.மீ. எட்டுமுன் அறுந்தால் இருபொறை, 5 செ.மீ. தாண்டியும் தொங்கினால் களி. அன்று என் கையில் இரண்டு செ.மீ. வந்தது. அதே மண்ணைப் பின்னர் பொறுமையாகப் பிசைந்தபோது ஏழு வந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் இதே கதைதான்: துகள்களைப் பிரிக்கும் கரைசலில் போதிய நேரம் ஊறாவிட்டால் களியெல்லாம் மணல் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்காகச் சில்லுகளை உரலில் இட்டு இடிக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் உண்மையான கல்லும் களியாகிவிடும். இதையும் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் "சரளை, நல்ல வடிகால்" என்ற சொற்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாம்பல் நிறத்தைக் கண்டதும் நீர்தேக்கம் என்று எழுதுவது

நீர் தேங்கும் மண் சாம்பல் நிறமாவது உண்மை. சாம்பல் நிறப் பாறையிலிருந்து பிறந்த மண்ணும் சாம்பல்தான். முதலில் பாறைச் சில்லையும் மண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வேர்த்துளைகளை ஒட்டித் துருநிறக் கறைகள் இருந்தால் ஈரத்தைச் சந்தேகிக்கலாம். கரும்பாறையின் மண்ணைக் கண்டு மட்கு நிறைந்தது என்று மகிழ்வதும் இதே வகைத் தவறு.

கடப்பாரை இறங்கும் வரை மண் என்பது

சிதைந்த களிப்பாறையை மண்வெட்டியாலேயே வெட்டிவிடலாம். ஆகவே தோண்ட முடிகிறதா என்பது அளவுகோல் ஆகாது. ஏடுகள் குலையாமல் அடுக்கடுக்காகத் தெரிகின்றனவா, வேர்கள் கீழே போகாமல் அந்த இடுக்குகளில் பாய்போலத் தட்டையாகப் பரவியிருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே முடிகிறது மண். குழியை மூடுமுன் ஏடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சரிவு சாயும் பக்கமே அவையும் சாய்ந்திருந்தால் வழுக்கும் அபாயம் கூடுதல். சற்று மேலே, களிக்கட்டிகளில் மெருகேற்றியது போன்ற பளபளப்பான, கீறல் விழுந்த முகங்கள் தென்பட்டால் அந்த மண் உப்பிச் சுருங்கி ஒன்றையொன்று உராய்கிறது என்று பொருள்.

ஈரத்தில் மந்தையை ஏற்றுவது

வேண்டாம். குளம்பு பதிந்த குழி அடுத்த கோடையில் செங்கல்லாக நிற்கும்.

களிமண்தானே, குட்டை வெட்டலாம் என்பது

கடலடியில் படிந்த களிப்பாறைகள் பலவற்றில் சோடியம் மிகுந்திருக்கும். அந்தக் களி தண்ணீரில் பால்போலக் கலைந்துவிடும். அதைக் கொண்டு கரை கட்டினால், கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்று உள்ளுக்குள் அரித்து அரித்துச் சுரங்கமாகி, ஒருநாள் குட்டையையே காலி செய்துவிடும். காய்ந்த மண் கட்டி ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் அசைக்காமல் போட்டு வையுங்கள். சுற்றிலும் வெண்கலங்கல் பரவினால் அந்த மண்ணைக் கரைக்குத் தொடாதீர்கள். ஓடை நீரில் சோதிக்கக் கூடாது. அதிலுள்ள உப்பு கலங்கலை அடக்கி, நல்ல மண் என்று காட்டிவிடும்.

அமிலம் நுரைக்கவில்லை, ஆகவே வெள்ளைப் படிகம் வெறும் கல் என்பது

நீர்த்த அமிலத்தில் நுரைப்பது சுண்ணாம்பு. ஜிப்சம் நுரைக்காது. நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும்.